வீட்டு வழியாக ஒரு முகம்

பச்சை விளக்கு அணைந்தது. பிறகு எரிந்தது. கோகிலவாணி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். டீவிக்கு மேலே ஆணியில் தொங்கும் அந்தக் கறுப்பு ரவுட்டர் செத்துப் பிழைத்து எழுந்துகொண்டிருந்தது. எழுந்திரு சாமி, எழுந்திரு, பதறாத காரியம் சிதறாது என்று சொல்வார்களே, நான் பதறவில்லை பார், என்று அதனிடம் சொன்னாள். கால் கட்டைவிரல் மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் தரையில் தாளம் போட்டது. மில்லுக்கு லீவு சொல்லியாயிற்று, அடுப்பை அணைத்தாயிற்று, பால்காரர் வந்து போயாயிற்று, இனி இந்த வீட்டில் இந்தப் பெட்டியையும் தன்னையும் தவிர யாரும் இல்லை. விளக்கு மறுபடி அணைந்து எரிந்ததும் அவள் தலை தானாக உள்ளறைப் பக்கம் திரும்பியது. இந்த வீட்டில் விளக்கு அணைந்து எரிந்தால் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். மகன் தரணிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சோறு ஆறுகிறது வாடா என்றாலும், மணி ஆச்சு எழுந்திரு என்றாலும் ஸ்விட்சைத் தட்டி விளக்கை அணைத்துப் போட வேண்டும். இருபத்துநாலு வயதுப் பிள்ளையை ஸ்விட்ச் தட்டித் தட்டியே வளர்த்தவள் அவள். அந்த அறையில் இப்போது யாரும் எழுந்து வரப்போவதில்லை. அவன் மூன்று மாதமாகக் கடல் தாண்டி, ஏதோ மலைகளுக்கு நடுவே அணை கட்டுகிற இடத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான். இன்று காலை அவன் அனுப்பிய செய்தி அவள் கண்ணுக்குள் முள்ளாகக் கிடந்தது. “அம்மா. மேனேஜர் கேட்டார். மூணு மாசம் முடிஞ்சது. இருக்கவா வரவா. இன்னிக்குச் சொல்லணும். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு சொல்வேன். நீ சொல்.”

“நீ சொல்” என்கிறானே! எதைப் பார்த்துச் சொல்வது? முதல் வாரம் நீள நீளமாக எழுதினான், மலை, பனி, தட்டில் போட்ட மீன் என்று. அது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, சாப்பிட்டேன், வேலை, தூக்கம் என்று வந்து நின்றிருக்கிறது. எழுத்து அவனுடைய பாஷையே இல்லை என்று யாருக்குப் புரியும்? எழுத்தில் அவன் யாரோ ஒரு அசலூர்க்காரன், கடன் கேட்க வந்தவன் மாதிரி கூச்சத்தோடு நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிற்பான். கையை எடுத்தானென்றால்தான் அவன் தரணி. பஸ் கண்டக்டர் படியில் தடுக்கி விழுந்த கதையை அவன் கையால் சொல்லி அவள் ஒரு தரம் வயிறு வலிக்கச் சிரித்து, தட்டிலிருந்த ரசமெல்லாம் புடவையில் கொட்டியிருக்கிறது. வீடியோ எடுத்து அனுப்புகிறானே, அது போதாதா என்று மில்லில் கேட்டார்கள். போதாது. படத்துக்கு நிற்கிறவன் எப்போதும் சிரிப்பான். நடுவில் நிறுத்தி, டேய் நில்லு, இப்போ கண்ணு எங்கே போச்சு என்று கேட்க முடியாது. நேருக்கு நேர் பேசுகிற செயலிகளையோ அந்த முகாமின் இணையம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எழுத்தை விடுகிறது, படத்தை விடுகிறது, முகத்தை மட்டும் விடுவதில்லை. என்ன நியாயமோ! காது கேட்கிறவர்களுக்கு அங்கே அலுவலகத் தொலைபேசி இருக்கிறதாம், வரிசையில் நின்று பேசுகிறார்களாம். இவன் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வான். அப்போதுதான் மில்லில் சிஸ்டம் பார்க்கிற நந்தகோபால் ஒரு வழி சொன்னான். “ப்ராக்ஸின்னா ஒண்ணுமில்லைங்க்கா. நீங்க போக முடியாத கல்யாணத்துக்கு உங்க பேர்ல போயி மொய் வெச்சுட்டு வர்ற ஆளுன்னு வெச்சுக்கங்க. தம்பி அங்கிருந்து உங்க ஊட்டு ரவுட்டருக்குத்தான் வருது. ஊட்டு ரவுட்டரு தம்பிக்குப் பதிலா வெளிய போகுது. கவரை ஒட்டிக் குடுத்தர்றதால வழியில நிக்கறவனுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. அதுதானுங்க என்க்ரிப்ஷன்.” அவன் சொன்ன வேகத்தில் அவளுக்கு இரண்டு காதிலும் மத்தளம் கொட்டியது. தரணியும் சும்மா இருக்கவில்லை. முகாம் விடுதியைக் கவனிக்கிறவரிடம் எழுதிக் காட்டி அனுமதி கேட்டுவிட்டான். உன் வீட்டு வழியாக நீ போனால் எங்களுக்கென்ன என்று அந்த மனுஷர் தோளைத் தட்டினாராம். ஆக, பாக்கி இருந்தது இந்தப் பெட்டிதான்.

பக்கம் திறந்தது. திறந்துவிட்டது! சர்வர் என்று ஒரு கட்டம், போர்ட் என்று ஒரு கட்டம், பாஸ்வேர்ட் என்று ஒரு கட்டம், மறையாக்க முறை என்று கீழே விழுகிற பட்டியலில் வாயில் நுழையாத நாலைந்து பெயர்கள். நாள் முழுக்க நூல் மூட்டைக்குப் பில் போடுகிற விரல்களுக்குக் கட்டத்தை நிரப்புவதா கஷ்டம்? ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ஒருமுறை மனசுக்குள் படித்து, பிறகுதான் தட்டினாள். போர்ட் என்றால் கதவு என்று வைத்துக்கொண்டாள். இத்தனை கதவில் இந்தக் கதவு நம் பையனுக்கு. ஃபயர்வால் என்கிற காவல் மதிலில் அந்த ஒன்றை மட்டும் திறந்துவிட்டாள். ஊரில் இருக்கிற கள்ளனெல்லாம் இதே வழியாக உள்ளே வந்துவிட்டால்? வரட்டும், பாஸ்வேர்ட் இருக்கிறதே. யாராலும் யூகிக்க முடியாத பாஸ்வேர்ட் வேண்டும் என்று பக்கம் கேட்டது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாராலும் யூகிக்க முடியாததில்தானே அவளும் அவனும் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்! அவன் படித்த பள்ளியில் கையால் பேசக் கூடாது. வாயைப் பார், வாயால் சொல், கையைக் கட்டு. பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டிலும் கைக்குப் பதில் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பேச்சு வராது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். வந்த அன்றைக்கே அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு இவன் தண்ணீர் என்று கட்டைவிரலைக் கீழுதட்டில் தேய்த்தான், அவள் சொம்பை எடுத்துக் கொடுத்தாள். அப்படி ஒன்று, அப்படி இன்னொன்று என்று பருப்பு வேகிற நேரத்துக்குள் பாஷை வளர்ந்தது. அவளுக்கு மூக்குத்தியைத் தொட்டால் பேர். அவனுக்கு இடது புருவத்தை ஒரு விரலால் அறுத்தால் பேர், ஏனென்றால் நடக்கப் பழகும்போது ஆட்டுக்கல்லில் மோதி அந்தப் புருவம் நடுவில் பிளந்து, தையல் போட்டு, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விட்டது. அந்த வெட்டுப் புருவம் அவனைக் காட்டிக்கொடுக்கிற புருவம். மனசுக்குள் ஒன்று நிஜமாக வேண்டும் என்றால் அது ஒரு தரம் துள்ளும். பொய்க்குத் துள்ளாது. அவனுக்கே இது தெரியாது, அவளும் சொன்னதில்லை. பெற்றவளிடம் ஒரு துருப்புச் சீட்டாவது இருக்க வேண்டாமா? ஆனால் அடுக்களையைத் தாண்டினால் எல்லாம் நின்றுவிடும். தெருவில் அவன் கையை எடுத்தால் இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்குப் பாசம். அந்தப் பள்ளி முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் கை நீளாத பழக்கம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. பாஸ்வேர்ட் போட்டாள். சேமி என்பதை அழுத்தினாள். பச்சை நிறத்தில் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை வந்தது, அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

ஓடுகிறதா, ஓடுகிறதா, எங்கே பார்ப்போம். சதுரமாகக் கட்டம் கட்டமாய் ஒரு க்யூஆர் படம் வந்தது. தன் போனை அதன் முன் நீட்டினாள், பிடித்துக்கொண்டது. இணை என்றாள், இணைந்தது. சின்னச் சாவி ஒன்று போனின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. நந்தகோபால் சொன்ன செயலியைத் திறந்தாள், திறந்தது. இன்னொன்று, அதுவும் திறந்தது. அடியம்மா! இந்தத் தெருவிலேயே, ஏன் இந்த ஈரோட்டிலேயே தன்னைப் போல் ஒரு பொம்பிளை இதைச் செய்திருப்பாளா என்று நினைக்க நெஞ்சு விம்மியது. படத்தைத் தரணிக்கு அனுப்பினாள். ஸ்கேன் பண்ணு, கூப்பிடு, சீக்கிரம். அவன் பார்த்துவிட்டான், இரண்டு நீலக் குறி விழுந்தது. போனைச் சொம்பின்மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, ஜன்னல் திரையை விலக்கி, கை தெரிகிற தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை ஏற்பாடு இல்லை. ஒன்றும் வரவில்லை. ஃபேன் சுற்றியது. ஒன்றும் வரவில்லை. பிறகு செய்தி வந்தது, “இல்லை அம்மா. சுத்துது.” இன்னொரு தரம் பண்ணு என்றாள். “பண்ணேன். இல்லை.” அதற்குப் பிறகு ஒன்று வந்தது, அதுதான் கொன்றது. “பரவால்ல. விடு.” பரவாயில்லையாம்! இந்தப் பரவாயில்லை சொல்கிற பையனை அவளுக்குத் தெரியாது. கையில் அந்த வார்த்தையே கிடையாது அவனுக்கு. வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் காலை உதைத்து வேண்டாம். யார் இந்தப் பரவாயில்லைக்காரன்? இன்னும் மூன்று மாதம் போனால் இவன்தான் மிஞ்சுவானா? சாப்பாட்டு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தட்டை வைத்துவிட்டுப் போய் மேனேஜரிடம் எதையாவது எழுதிக் காட்டிவிடுவான், இருக்கிறேன் என்றோ வருகிறேன் என்றோ, எது அவனுக்கு வேண்டுமோ அதற்கு நேர்மாறாக, அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யூகித்து. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் சின்னுசாமி லாரி புக்கிங் ஆபீசிலிருந்து கூப்பிட்டார். “என்ன ஆச்சு கோகிலா? பேசாம வரச் சொல்லிப்போடு. அங்க கெடந்து என்ன பண்ணப்போறான்?” “மொகத்தப் பாக்காம நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேனுங்க” என்று வைத்துவிட்டாள். வரச் சொல்லிப்போடு! சொல்லிவிட்டால் நாளன்னிக்கே அந்த அறையில் விளக்கு எரியும், தட்டில் சோறு ஆறும், ரசம் புடவையில் கொட்டும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆசை அவளுடையது. அதுதானே பயமே.

எங்கே பிசகினாள்? திரும்பவும் அந்தப் பக்கத்தின் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். போர்ட் சரி. பாஸ்வேர்ட் சரி. கதவு திறந்திருக்கிறது. என் போனில் வேலை செய்கிறது, அவன் போனில் செய்யவில்லை. என் போன், அவன் போன். என் போன் இங்கே இருக்கிறது. அவன் போன் அங்கே இருக்கிறது. இங்கே. அங்கே. இந்த இரண்டு வார்த்தையும் அவள் மண்டைக்குள் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருந்தன, தரணி சின்னதில் இங்கே என்பதற்கும் அங்கே என்பதற்கும் விரலை மட்டும் நீட்டி, எந்த அங்கே என்று தெரியாமல் அவள் முழிக்க, கோபத்தில் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்புவானே, அது ஞாபகம் வந்தது, அந்தக் குட்டி விரல்களின் பிடிகூட முகவாயில் வந்தது, முகத்தைத் திருப்பின மாதிரியே அவள் கண் அந்த சர்வர் கட்டத்தில் போய் விழுந்தது. நூற்றுத்தொண்ணூற்று இரண்டில் தொடங்குகிற எண். அட, இது இந்த ரவுட்டர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற பேர் அல்லவா! டீவிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் தெரிந்த பேர். வீட்டில் மூக்குத்தியைத் தொட்டால் கோகிலவாணி, மில்லில் போய் மூக்கைத் தொட்டுக் காட்டினால் ஜலதோஷமா என்றுதான் கேட்பார்கள். வீட்டுப் பேரைச் சொல்லி அத்தனை தூரத்திலிருந்து கூப்பிடு என்றால் பிள்ளை எங்கே போய் யாரைக் கூப்பிடுவான்? வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டையே கூப்பிட்டுப் பார்த்து, வேலை செய்கிறது வேலை செய்கிறது என்று குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியிருக்கிறாள்! தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள், அடித்த கையோடு சிரித்தாள், சிரிப்பு அடங்கவில்லை. கேபிள் நெட்காரரிடம் போன வாரம் கேட்டு வாங்கிய, ஊருலகத்துக்குத் தெரிகிற வெளி முகவரி அதே பக்கத்தின் மேல் மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து இங்கே போட்டாள். சேமித்தாள். விளக்கு அணைந்தது, எரிந்தது. புதுப் படம் வந்தது. அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். இந்தத் தரம் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம் என்பது தெரியாமலில்லை, ஆனால் வீட்டுக்குள் டவர் அரைக்கோடு, வரும் போகும். அதுவும் போக, வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே இருப்பதாக நம்பி இன்னொரு தரம் ஏமாற அவள் தயாராக இல்லை.

செருப்பைப் போட மறந்தது கால் சுட்டபோதுதான் தெரிந்தது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, அதற்குள்ளேயே தார் கொதித்தது. வாசல் தாண்டி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் தாண்டி, முனையில் புங்க மரத்து நிழலில் மரகதத்தின் இஸ்திரி வண்டி வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். வைஃபை போயிருந்தது, நாலு கோடு டவர் இருந்தது. இணை. சுற்றியது. சுற்றியது. மரகதம் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, “ஏனுங்க்கா, செருப்பில்லாம ஓடியாறீங்க? ஊட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கறாங்க?” என்றாள். “இரு மரகதம், இரு இரு” என்றாள் இவள், கண்ணை எடுக்காமல். சாவி வந்து உட்கார்ந்தது! வெளியிலிருந்து, தெருவிலிருந்து, புங்க மரத்தடியிலிருந்து வீடு திறந்தது. “வந்துருச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. புதுப் படத்தைத் தரணிக்கு அனுப்பினாள். பழையதை அழி, இதைப் போடு. நீலக் குறி விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி ஓடலாம், சொம்பு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, என்று திரும்பி இரண்டடி வைக்கவில்லை, போன் உள்ளங்கையில் அதிர்ந்தது. திரையில் அவன் பேர். பேரைச் சுற்றி வட்டம். தொட்டாள். முதலில் சாம்பல், பிறகு கட்டம் கட்டமாகக் கலங்கல், பிறகு, அடடா, அந்தப் புருவம்.

இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான், யாரைக் கேட்டு வைத்தான்? அவன் கை எழுந்தது, மூக்கைத் தொட்டது. அம்மா. அவளும் கையை எடுக்கப் போய், ஒரு கையில் போன் இருப்பதைப் பார்த்துத் தவித்தாள். ஒற்றைக் கையால் பாதிப் பேச்சுத்தான் வரும். “மரகதம், இதைச் சித்தே புடி. என் மூஞ்சிக்கு நேரா, கையுந் தெரியோணும்.” மரகதம் கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “தம்பிங்களா? அட சாமீ!” தரணி உடனே கையை விசிறினான். வெளிச்சம் பின்னாலே, நீ கறுப்பா தெரியறே, திரும்பு. இருவரும் வண்டியைச் சுற்றித் திரும்பினார்கள். தள்ளி நில்லு. தள்ளி நின்றாள். அவ்வளவுதான், அவன் கைகள் அவிழ்ந்துகொண்டன. மூன்று மாதம் கட்டிப்போட்டிருந்த கன்றுக்குட்டி மாதிரி அங்கேயும் இங்கேயும் பாய்ந்தன. மலை இவ்வளவு உயரம், பனியில் சறுக்கி விழுந்த சமையல்காரன் இப்படி, தண்ணீரைத் தடுக்கிற இரும்புக் கதவு இத்தனை அகலம், அந்தக் கதவின் வரைபடம், இது, இது, இது, மூன்றும் நான் போட்டது. அவள் சிரித்தாள், கேட்டாள், நிறுத்தினாள், டேய் நில்லு, தாடி என்ன என்றாள். குளிர் என்றான். யாரோடு பேசுகிறாய் என்றாள். அவன் கை கொஞ்சம் தாழ்ந்தது. யாரும் இல்லை. ராத்திரி போர்வைக்குள் என் கையோடு நானே பேசுவேன். அவளுக்குத் தொண்டை அடைத்தது, கைக்கு அடைக்கவில்லை, அதுதான் கையின் வசதி. நடுத்தெருவில், காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க, இரண்டு கையையும் அகல விரித்து அவள் கேட்டாள். சரி, இப்போது நீ என்னைக் கேள்.

அவன் கேட்டான். உள்ளங்கையை நெஞ்சுப் பக்கம் இழுத்து, வரவா? அவள் கைகளைப் பார்க்கவில்லை. புருவத்தைப் பார்த்தாள். அது கிடந்த இடத்தில் கிடந்தது. இன்னொன்றைக் கேள் என்றாள். அவன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அழுத்தினான். இருக்கவா? வெட்டுப் புருவம் துள்ளியது. துள்ளியே விட்டது, திருடன்! சந்தோஷமும் வலியும் ஒரே நேரத்தில் இப்படி முட்டிக்கொண்டு வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உள்ளறை இனி ரொம்ப நாளைக்கு இருட்டாகத்தான் இருக்கும், அது தெரிந்தே அவள் கையை உயர்த்தினாள். காற்றை இரண்டு தரம் அழுத்தினாள். இரு. ரேஷன் கடை வாசலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அவனை நிற்க வைத்துவிட்டுப் போகும்போது காட்டுகிற அதே இரு. அப்போதெல்லாம் அதற்குப் பின்னால் இன்னொன்றும் சேர்த்துக் காட்டுவாள், இல்லாவிட்டால் பிள்ளை நிற்காது, அழும். பழக்கத்தில் கை அதையும் தானாகக் காட்டியது. இரு, நான் வரேன். தரணி அதைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றான். பிறகு முழுப் பல்லும் தெரியச் சிரித்து, ஒரு விரலைத் திரைக்கு நேராக, அவளுக்கு நேராக நீட்டினான். வந்துட்டியே.